பந்தைக் கொடுத்தவர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி இறுதி ஆட்டத்தை நெருங்கும் சமயத்தில், பழைய இறுதி ஆட்டங்களின் புகழ்பெற்ற கணங்களைத் துண்டு துண்டாகத் தொகுத்துக் காட்டுவது தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கம். இவ்வாரமும் காட்டினார்கள், நானும் ஆவலோடு உட்கார்ந்து பார்த்தேன், பார்த்து முடித்தபோது என் மனத்தில் மூண்ட கோபம், இந்தப் பத்தியை எழுதும் இந்த நேரம்வரை தணியவில்லை. காரணம் ஒரே ஒரு துண்டுதான். 1982-ஆம் வருஷம் மார்ச் 29-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கூடியிருக்க, வட கரோலினா சர்வகலாசாலையும் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையும் மோதிய ஆட்டத்தின் கடைசிக் கணங்கள் அவை. வட கரோலினாவின் மைக்கேல் ஜார்டன் என்னும் முதலாண்டு மாணவர், பின்னாளில் உலகமே பெயர் சொல்லி அறிந்த அதே ஜார்டன், இடப்பக்கத்திலிருந்து எழும்பிப் பந்தை எறிகிறார், வலை அசைகிறது, அரங்கம் அதிர்கிறது. இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தத் துண்டு, பந்து ஜார்டனுடைய கைகளில் வந்து சேர்ந்த பிறகே ஆரம்பமாயிற்று. பந்து அவரிடம் எப்படி வந்தது, யார் கொடுத்தார், உள்ளே நின்ற பெரிய ஆட்டக்காரர்களை விட்டு ஒரு முதலாண்டுப் பையனிடம் ஏன் கொடுத்தார் என்பதையெல்லாம் காட்ட இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியைக் கத்தரித்து எறிந்திருந்தார்கள்.

அந்த இரண்டு விநாடிக்கு உரியவர் ஜிம்மி பிளாக். நியூயார்க்கிலிருந்து வந்தவர், கடைசி ஆண்டு மாணவர், வட கரோலினா அணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு. ஆட்டம் முடிய 32 விநாடி எஞ்சியிருக்க, 61-க்கு 62 என்று ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், பயிற்சியாளர் டீன் ஸ்மித் ஆட்டத்தை நிறுத்தித் தம் மாணவர்களை அருகே அழைத்துப் பேசினார். கூடைக்கு அருகில் ஜேம்ஸ் வொர்த்தியும் சாம் பெர்கின்ஸும் நிற்பார்கள். வொர்த்தி அன்று 28 புள்ளி எடுத்தவர். ஆகவே எதிரணியின் காவல் முழுவதும் அவர்கள் மேலேயே கவியும், அப்படிக் கவிந்தால் மறுபக்கத்தில் ஜார்டன் தனித்து நிற்பார் என்பது ஸ்மித்தின் கணிப்பு. ஆனால் கணிப்பை நடத்திக் காட்ட வேண்டியவர் களத்தில் பந்தோடு நிற்பவர் அல்லவா? பிளாக், உள்ளே கொடுக்கப் போவதாகப் பாவனை காட்டி, காவலர்களின் கவனத்தை அப்பக்கம் இழுத்து, அவர்கள் திரும்பி ஓடி வருவதற்குள் களத்தின் குறுக்கே ஜார்டனுக்குப் பந்தை அனுப்பினார். அரை விநாடி தாமதித்திருந்தாலும், பந்து ஒரு சாண் விலகிப் போயிருந்தாலும், ஜார்டன் எழும்புவதற்கு முன் அவர் முகத்துக்கு நேரே ஒரு கை எழுந்திருக்கும். 63-க்கு 62 என்று வட கரோலினா ஜயித்தது. ஏழாவது முறையாக இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்த பிறகே ஸ்மித்துக்கு முதல் பட்டம் கிட்டியது. அதற்கடுத்த கணம், ஜார்ஜ்டவுன் ஆட்டக்காரர் ஒருவர், தம் தோழர் என்றெண்ணிப் பந்தை வொர்த்தியின் கையிலேயே கொடுத்துவிட்ட துர்ப்பாக்கியச் சம்பவத்தையும் இவ்வாரம் தவறாமல் காட்டினார்கள். பிழையாகக் கொடுத்த பந்துக்கு இடம் இருந்தது. சரியாகக் கொடுத்த பந்துக்கு இடம் இல்லை. இதுவே என்னை மிகவும் வருத்தியது.

புள்ளிக்கணக்கின் மீது எனக்குள்ள பழைய வழக்கு, இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கை இன்னும் ஒரு முறை எடுத்துரைப்பதற்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வாய்க்காது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கம், ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைத் தொன்றுதொட்டுப் பதிந்து வந்தது; கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுகளை ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து பதிந்து வந்தது; ஆனால் கூடையில் விழுந்த பந்தை எறிந்தவருக்குக் கொடுத்தது யார் என்பதை, அதாவது அசிஸ்டை, தன் தேசியப் பதிவேட்டில் நிலையாக எழுதத் தொடங்கியது 1983–84 பருவத்தில்தான். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்ததும் எறிந்த பந்தைத் தடுத்ததும் அதற்கும் இரண்டு பருவம் கழித்தே ஏட்டில் ஏறின. ஜிம்மி பிளாக் 1982-இல் படிப்பை முடித்து வெளியேறிவிட்டார். ஆகவே நான்காண்டுக் காலம் அவர் தம் தோழர்களுக்குச் செய்த பிரதான கைங்கரியம், தேசியப் பதிவேடு என்று சொல்லப்படும் அந்தப் பெரிய புத்தகத்தில் இடம் பெறாத ஒரு காரியமாகவே இருந்துவிட்டது.

அசிஸ்டாவது பிறகு ஏறியது. தோழனை விடுவிப்பதற்காக எதிரியின் வழியில் அசையாமல் நின்று ஸ்க்ரீன் கொடுத்து மார்பில் இடி வாங்குகிறவருக்கு ஏடு எங்கே? தாம் எம்பிப் பிடிக்க வேண்டிய ரீபவுண்டை மற்றொருவர் பிடிக்கட்டும் என்று, எதிரணியின் பலசாலியைத் தம் முதுகால் தள்ளிப் பிடித்து நிற்கிறவருக்கு ஏடு எங்கே? எதிரணியின் தலைசிறந்த எறிகாரரை நாற்பது நிமிஷம் விடாமல் துரத்தி, பந்து அவர் கைக்கே வராதபடி செய்கிறவரின் வேலை ஏட்டில் எப்படித் தோன்றும்? வராத பந்தை யாரும் எண்ணுவதில்லை. பட்டம் வென்ற கல்லூரி அணி எதை எடுத்துப் பார்த்தாலும், நட்சத்திரம் என்று ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்கள் நட்சத்திரமாக இருப்பதற்காகவே இப்படி மூன்று நான்கு பேர் இருப்பார்கள். இந்தப் பின்னவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றால், பத்து வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர்களே திகைப்பார்கள்.

இந்த அநியாயத்தைத் தம்மால் இயன்ற அளவு நேர் செய்ய முயன்றவர் டீன் ஸ்மித் என்பதையும் சொல்ல வேண்டும். கூடை போட்டவர், பந்து கொடுத்தவரை விரல் நீட்டிச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. களைத்துப் போனவர் முஷ்டியை உயர்த்தினால் வெளியே அழைத்துக்கொள்வார்; களைப்புத் தீர்ந்ததும் மீண்டும் இறங்குவது அந்த ஆட்டக்காரரின் உரிமை. ஆட்டத்தின் நடுவே ஐந்து பேரையும் சேர்ந்தாற்போல் வெளியே எடுத்து, இரண்டாம் வரிசை ஐவரை ஒருமித்து இறக்குவார். 1981 நவம்பரில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை அணியின் படத்தை அட்டையில் போட விரும்பியபோது, முதலாண்டு மாணவருக்கு அந்த ஸ்தானம் இன்னும் உரியதல்ல என்று ஜார்டனை விலக்கி, வொர்த்தி, பெர்கின்ஸ், மேட் டோஹர்ட்டி, பிளாக் ஆகிய நால்வரையே தம்மோடு நிறுத்தினார். 2015 பிப்ரவரியில் அவர் காலமான பிறகு, அவருடைய உயில்படி, அவரிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேருக்கும், இரவு உணவுக்கு என்று ஆளுக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. ஜார்டனுக்கும் 200, பெஞ்சில் உட்கார்ந்தே நான்கு வருஷம் கழித்தவருக்கும் 200. இந்த மனிதருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவரே 1952-இல் ஃபாக் ஆலன் என்ற ஆசிரியரின் கீழ்ப் பட்டம் வென்ற கான்ஸாஸ் அணியில் பெஞ்சுக்காரராக இருந்தவர் என்பது நினைவுக்கு வருகிறது.

இவ்வளவோடு நிறுத்தி, அந்தத் தொலைக்காட்சி நிலையத்தாருக்கு ஒரு வேண்டுகோளும் விடுத்து முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பெஞ்சுக்காரர் என்ற பேச்சு வந்ததும், என் மனம் நான் பலமுறை வாசித்த ஒரு புத்தகத்தின் மேல் போய்விட்டது; அதை மறுபடி எடுத்துப் புரட்டிய பின், ஜிம்மி பிளாக்கின் விஷயத்தைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. பிளாக்குக்காவது இறுதிக் கணத்தில் பந்து கையில் இருந்தது. பந்தே கைக்கு வராதவர்களின் கதை வேறு.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஆண்டி ஹில். ‘விரைந்து செய், பதறாதே’ என்பது அதன் தலைப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையில், யு.சி.எல்.ஏ. என்று உலகம் அறிந்த அந்த இடத்தில், இருபத்தேழு வருஷம் பயிற்சியாளராக இருந்த ஜான் வுடன் ஓயாமல் சொல்லி வந்த வாக்கியம் அது. வுடனுடைய கீர்த்தியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு வருஷங்களில் பத்துப் பட்டங்கள், அவற்றுள் ஏழு அடுத்தடுத்த வருஷங்களில். இதற்கு ஈடான சாதனை ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆண்டி ஹில் அந்த ஏழில் மூன்று பட்டங்களில், 1970, 71, 72 ஆகிய வருஷங்களில், அணியில் இருந்தவர். இருந்தார், ஆடவில்லை, ஆடினாலும் வெற்றி நிச்சயமான பிறகு கடைசியில் சில நிமிஷங்கள். முதலாண்டு மாணவர் அணியில் சிறப்பாக ஆடி, பெரிய அணியிலும் அப்படியே ஆடுவோம் என்ற நம்பிக்கையோடு வந்தவர், மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று பட்ட மோதிரங்கள் கிடைத்தன. அவற்றோடு ஒரு புண்ணும் கிடைத்தது. படிப்பை முடித்து வெளியேறிய பின் ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் அவர் வுடனோடு பேசவில்லை.

இருபத்தைந்து வருஷம் ஓர் ஆசிரியரோடு பேசாமல் இருப்பது சாமானிய விஷயமா? அவ்வளவு காலம் ஒரு மனஸ்தாபத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறவன் உள்ளத்தில், அந்த ஆசிரியர் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்க வேண்டும்! இந்தக் காலத்தில் ஹில் தொலைக்காட்சித் துறையில் உயர்ந்து, சி.பி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுக்குத் தலைவராகவும் ஆனார். ஒரு நாள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது, அவசரப்படாமல் விரைந்து அடிக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தில், வுடனுடைய அந்தப் பழைய வாக்கியம் அவர் நினைவில் எழுந்தது. அதைத் தொடர்ந்து, தம் உத்தியோகத்தில் தமக்கு ஜயம் தேடித் தந்த வழக்கங்கள் பலவும், தாம் வெறுத்து விலகிய அந்த மனிதரிடம் கற்றவையே என்பதும் அவருக்கு உறைத்தது. தொலைபேசியில் அழைத்தார். மனைவியை இழந்து, என்சினோ என்ற இடத்தில் சிறு வீட்டில் தனியே வசித்துவந்த வுடன், நேற்றுப் பிரிந்த மாணவனிடம் பேசுவதுபோல அன்போடு வரவேற்றார். அன்று முதல் 2010-இல் வுடன் 99-ஆம் வயதில் மறையும்வரை அந்த உறவு வளர்ந்தது. 2001-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருவர் பெயரும் இருக்கின்றன.

இந்தச் சமாதானத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்கிறேன். ஆயினும் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்பதற்காக அந்த இருபத்தைந்து வருஷத்தை மறந்துவிட நான் தயாராக இல்லை. ஹில் ஒருவர் மாத்திரம் அப்படி வருந்தியிருந்தால், அது அவருடைய சுபாவம் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1970-ஆம் வருஷம், பட்டம் வென்ற களிப்பில் நடந்த அணியின் விருந்தில், கடைசி ஆண்டு மாணவர் ஒருவர், அவரும் பெஞ்சுக்காரர், எழுந்து நின்று, தொடக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு நீதியும் மற்றவர்களுக்கு ஒரு நீதியுமாக இங்கே நடக்கிறது என்றும், ஆசிரியருக்கும் எங்களுக்கும் இடையே மனம்விட்டுப் பேச்சு என்பதே கிடையாது என்றும், கூடியிருந்த பிரமுகர்கள் திகைக்கும்படி பேசினார். சபையோர் கூச்சலிட்டு அவரைக் கண்டித்தார்கள். அவர் பேசிய இடம் பொருத்தமானதா என்பதைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். பேசிய விஷயத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. வெற்றி விழாவில் தவிர வேறு எந்த நாளில் பெஞ்சுக்காரன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைச் சபை கேட்டிருக்கும்?

வுடன் கொடியவர் அல்லர், அதற்கு நேர்மாறானவர். கூடை போட்டவன் பந்து கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், அல்லது புன்னகை செய்ய வேண்டும் என்று விதித்தவர் அவரும்தான். கொடுத்தவன் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவன் கேட்டபோது, கட்டாயம் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்றாராம். மனித உள்ளத்தை அவ்வளவு அறிந்த மனிதர்! ஆனால் ஏழு அல்லது எட்டுப் பேரையே பிரதானமாக ஆட வைத்தால்தான் அவர்களுக்குள் ஒத்திசைவு கூடும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அந்தக் கொள்கையால் பட்டங்கள் வந்தன. அதே கொள்கையால் ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது இடங்களில் இருந்தவர்களுக்குப் பயிற்சி மாத்திரமே ஆட்டமாக ஆயிற்று. வாரம் முழுவதும் அவர்கள் வரப்போகும் எதிரணியைப் போல வேஷம் தாங்கி, அந்த அணியின் உத்திகளைக் கற்று, முதல் ஐவரோடு மோதி, அவர்களைக் கூர்மைப்படுத்துவார்கள். ஆட்டம் நடக்கும் நாளில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இங்கே இன்னொருவரைக் கொண்டுவந்து ஹில்லின் பக்கத்தில் நிறுத்தினால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். ஸ்வென் நேட்டர், 1950-இல் ஹாலந்தில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தனர்; தாய் மறுமணம் செய்துகொண்டு அமெரிக்கா போய்விட, இவரும் சகோதரியும் அநாதை விடுதியில் வளர்ந்தார்கள்; ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஏற்பாட்டால், ஒன்பது வயதில் அங்கே போய்த் தாயைச் சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளி அணியில் இடம் கிடைக்காதவர், சைப்ரஸ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடக் கற்று, ஏறத்தாழ ஏழடி உயரத்துக்கு வளர்ந்தார். அவரைத் தம் அணிக்கு அழைத்தபோது வுடன் உண்மையை முன்னதாகவே சொல்லிவிட்டார்: இங்கே பில் வால்டன் என்ற சென்டர் இருக்கிறார், ஆகவே உனக்கு ஆட்டத்தில் அதிக நேரம் கிடைக்காது; ஆனால் தேசத்தின் தலைசிறந்த சென்டரோடு தினந்தோறும் நீ மோதுவாய், அதன் பலன் தொழில்முறை ஆட்டத்தில் உனக்குக் கிட்டும். நேட்டர் இசைந்தார். 1971–72, 1972–73 ஆகிய இரண்டு பருவங்களிலும் அணி முப்பது ஆட்டம் ஆடி முப்பதிலும் ஜயித்தது. அந்த ஆட்டங்கள் ஒன்றில்கூட நேட்டர் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கவில்லை. எந்தக் கல்லூரியின் சென்டரும் வால்டனுக்குக் கொடுக்க முடியாத சோதனையை, மாலைதோறும் பாலி பவிலியன் அரங்கில் ஜனங்கள் இல்லாத வேளையில், இந்த ஒருவர் கொடுத்துவந்தார் என்பதே என் துணிபு. 1973-இல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, யு.சி.எல்.ஏ. ஆட்டம் ஒன்றையும் தொடங்கி அறியாத நேட்டரை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். 1974-இல் ஏ.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தில் சிறந்த புதுமுகம் என்ற விருது பெற்றார். 1979-இல் ஸான் டியேகோ அணி பெரும்பொருள் கொடுத்து வால்டனை வரவழைத்தது; காயம் காரணமாக அவரால் அந்தப் பருவத்தில் 14 ஆட்டமே ஆட முடிந்தது; அந்த அணியின் சென்டராக நின்று, அந்தப் பருவத்தில் என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் முழுவதிலும் அதிக ரீபவுண்டு எடுத்தவர் ஸ்வென் நேட்டர்.

அதே ஆசிரியர், அதே பெஞ்சு, அதே மோதிரம். ஒருவர் இருபத்தைந்து வருஷம் புண்பட்டிருந்தார். மற்றவர் பின்னாளில், ரொனால்ட் காலிமோர் என்ற கல்வி உளவியல் பேராசிரியரோடு சேர்ந்து, வுடனின் போதனாமுறையைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் எழுதினார். வுடனுக்கென்று எத்தனையோ கவிதைகளும் எழுதினார். சுபாவ வித்தியாசம் இருக்கலாம். தொழில்முறை ஆட்டத்தில் நேட்டருக்குக் கிடைத்த பரிகாரம் ஹில்லுக்குக் கிடைக்கவில்லை என்பதும் மெய். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றும் வித்தியாசம், நேட்டரிடம் அவருடைய ஸ்தானம் இன்னது என்று முதல் நாளே சொல்லப்பட்டது என்பதே. உன் வேலை இது, இதனால் அணிக்கு இன்ன லாபம், உனக்கு இன்ன லாபம் என்று சொன்ன பிறகு உட்கார்ந்தவன், அந்த வேலையைத் தன் வேலையாகச் செய்தான். விருந்தில் எழுந்து பேசிய மாணவர் கேட்டதும் இந்தப் பேச்சைத்தான்; ஆட்ட நேரத்தை மாத்திரமன்று. காலிமோரும் ரோலண்ட் தார்ப்பும் வுடனின் கடைசிப் பருவமான 1974–75-இல் பயிற்சிக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த சொற்களை வகைப்படுத்திக் கணக்கிட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை புகழ்ச்சியும் அல்ல, கண்டனமும் அல்ல, இதை இப்படிச் செய் என்ற செய்தியே என்று கண்டார்கள். காலைக் கால் உறைக்குள் எப்படி நுழைப்பது என்பதுவரை விளக்கிச் சொன்ன அந்த மகா உபாத்தியாயர், நீ ஏன் பெஞ்சில் இருக்கிறாய் என்பதையும் அதே விளக்கத்தோடு ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தால், ஹில்லின் புத்தகம் வெகு காலத்துக்கு முன்பே, வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

தொலைக்காட்சி நிலையத்தாருக்கு நான் எழுத நினைத்த வேண்டுகோள் அப்படியே நிற்கிறது. அந்த இரண்டு விநாடியைத் திருப்பித் தாருங்கள் என்பதே அது. ஆயினும் அதைவிட அவசரமான வேண்டுகோள் பயிற்சியாளர்களிடம் இருக்கிறது, எந்த ஆட்டமாக இருந்தாலும் சரி. பட்டியலில் பத்தாவது பெயராக இருப்பவனை இவ்வாரமே தனியே அழைத்து, அவன் ஏன் பத்தாவது, பத்தாவதாக இருந்து அவன் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லுங்கள்; கசப்பாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கென்னி வாஷிங்டனைப் பற்றி எழுத இடமில்லாமல் போயிற்று. தென் கரோலினாவின் போஃபர்ட் என்ற சிற்றூரிலிருந்து வுடனிடம் வந்த அவர், 1964 இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து போய் டியூக் அணிக்கு எதிராக 26 புள்ளியும் 12 ரீபவுண்டும் எடுத்தார். அது வுடனின் முதல் பட்டம். மறுவருஷம் மிச்சிகனுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் பெஞ்சிலிருந்தே எழுந்து போய் 17 புள்ளி எடுத்தார். அவரைப் பற்றி அடுத்த வாரம்.